பிடரியில் வெட்டிய இழை

பதினொன்று நாற்பதுக்குக் கடைசி இழையையும் தீட்டி, பிரஷ்ஷைக் கிண்ணத்தில் சாய்த்து வைத்துவிட்டு, இரண்டு எட்டு பின்னால் போய் நின்று பார்த்தபோது தமயந்திக்குத் தன்மேலேயே கொஞ்சம் பிரியம் வந்தது. வந்தால் என்ன தப்பு. பதினாறு வருடம் ஊரார் புருவத்தையே பார்த்துக்கொண்டிருந்த கண்ணுக்கு, முப்பத்தேழு வயதில், இன்றைக்குத்தான் ஒரு முழுத் தலை கிடைத்திருக்கிறது. ஃபாயில் தாளில் மடித்து வைக்கவில்லை, ஓட்டைத் தொப்பி மாட்டி ஊசியால் இழுக்கவில்லை. வெறும் கை. பிரஷ்ஷின் பக்கவாட்டால் முடியின் நடுவில் தொட்டும் தொடாமலும் ஆரம்பித்து, நுனிக்கு வரவர அழுத்தி, எங்கே தொடங்கியது என்று கேட்டால் தீட்டியவளுக்கே தெரியாதபடி முடிக்க வேண்டும். பாலயாஜ் என்று பேர். பேர் வெளிநாட்டுப் பேராக இருந்தாலும் வேலை வெயில் செய்கிற வேலைதான். கோடை விடுமுறை முழுக்கத் தெருவில் ஆடிய பிள்ளைகளுக்குத் தலை நுனியில் செம்பட்டை ஏறியிருக்குமே, அதை முக்கால் மணி நேரத்தில் நாற்காலியில் உட்கார்த்தி வைத்து வரவழைப்பது. வீட்டில் அதே செம்பட்டையை எண்ணெய் வைத்து மறைப்பார்கள், இங்கே ஒரு வாரம் முன்பே நேரம் குறித்துக்கொண்டு வந்து உட்காருகிறார்கள். முடியை வெளுக்க வைக்கப் பெங்களூர் வரைக்கும் போகணுமா என்று அவள் மாமியார் கேட்டதில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது.

இனி நாற்பது நிமிடம் காத்திருக்க வேண்டும். களிம்பு தன் வேலையைத் தானே செய்யும், தமயந்தி செய்ய வேண்டியதெல்லாம் சும்மா இருப்பது, அதுதான் அவளுக்கு வராத வேலை. நாற்காலியில் செண்பகவல்லி மேடம் கறுப்புத் துணியைக் கழுத்துவரை போர்த்திக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தோளில் வழிந்த கூந்தலில் வெளிர்நீலக் களிம்பு பட்டை பட்டையாக, பிளாஸ்டிக் தாளுக்கு அடியில் மினுங்கியது. ஐம்பத்தோரு வயது. பெண்களுக்கு மட்டும் கார் ஓட்டச் சொல்லித்தரும் பள்ளி வைத்திருக்கிறார், இருபத்திரண்டு வருடமாகத் திருச்சியில் பாதிப் பெண்கள் அவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் முதல் கியர் போட்டிருக்கிறார்கள். இடது பக்க இருக்கைதான் அவர் இடம், அங்கே அவர் காலடியில் தனியாக ஒரு பிரேக். அந்தக் கால் இங்கேயும் சும்மா இல்லை. தெருவில் ஏதாவது வண்டி ஹார்ன் அடித்தால் நாற்காலியின் கால்பலகையை வலது பாதம் தானாக ஒரு அமுக்கு அமுக்கியது. தமயந்தி அதைக் கவனித்துவிட்டதைக் கண்ணாடியில் பார்த்து அவர் சிரித்தார். "வீட்ல சோபால உக்காந்து டிவி பாக்குறப்பவும் இப்படித்தான். என் பொண்ணு பக்கத்துலயே உக்கார மாட்டா." போன சனிக்கிழமை வந்தபோதே சொல்லியிருந்தார், பதினைந்து வருடமாக மூன்று வாரத்துக்கு ஒரு தடவை டை, ஒரு நாள் பயிற்சி முடிந்து காரின் உள்கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பித் தன் தலையைப் பார்த்திருக்கிறார், ஹெல்மெட் போட்ட மாதிரி இருந்திருக்கிறது. அன்றைக்கு விட்டதுதான். மூன்று மாதமாக வகிட்டின் இருபுறமும் ஒன்றரை அங்குலத்துக்கு வெள்ளையும் கறுப்புமாக வளர்ந்து, அதற்குக் கீழே கரிக்கட்டைக் கறுப்பு, நடுவில் கோடு கிழித்த மாதிரி. பார்க்கிறவர்கள் எல்லாம் உடம்பு சரியில்லையா என்று கேட்கிறார்களாம். அந்தக் கோட்டைக் கரைத்துக் கொடு, இதுதான் அவர் கேட்டது. கறுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக இளக்கி, வெள்ளையும் அதுவும் சேரும் இடம் தெரியாமல் பண்ணிவிட வேண்டும். கேட்டபோது தமயந்திக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இதற்காகத்தானே படித்தேன் என்று நினைத்துக்கொண்டாள்.

படித்தது மூன்று மாதம். அதற்கு முன்னால் பதினாறு வருடம் இதே தில்லைநகர் மாடியில், பின்னாலிருக்கும் ஜன்னலில்லாத அறையில், நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு புருவம் திருத்தினாள். முன்பல் இரண்டிலும் நூல் அறுத்த வடு இன்னும் இருக்கிறது, நாக்கு சும்மா இருக்கும்போதெல்லாம் போய் அதைத் தடவும், இப்போதும் தடவிக்கொண்டிருந்தது. அந்த அறையில் எல்லா முகமும் தலைகீழ். படுத்திருப்பவர்களின் தலைமாட்டில் நின்று பார்த்துப் பார்த்து, பஸ்ஸில் நேராக வருகிறவரை அடையாளமே தெரியாது, என்னைத் தெரியலையா என்று கேட்பார்கள், கொஞ்சம் படுங்க தெரியும் என்றா சொல்ல முடியும். பெங்களூரிலிருந்து வரும்போது பயிற்சிக்குக் கொடுத்த பொம்மைத் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். பையில் போட்டால் முடி நசுங்கிவிடும். ஓசூர் தாண்டி விடியும்போது கண் விழித்த பக்கத்து சீட்டுப் பெண்மணி அதைப் பார்த்துவிட்டு எழுந்து கண்டக்டரிடம் போய் வேறு இடம் கேட்டார். அந்தத் தலையில் எழுபது தடவை தீட்டிப் பார்த்திருப்பாள். பொம்மைக்குப் பயம் கிடையாது, முடி போனால் அது அழாது. ரூபா மேடம், இந்த சலூன் அவருடையது, வாசல் பக்கம் மேசையில் உட்கார்ந்து யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார், அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. நேற்றுச் சாயங்காலம் ஒன்றே ஒன்று சொன்னார். "இந்த ஒரு தலை நல்லா வரட்டும் தமயந்தி, கலர் சேர் உனக்குத்தான். இல்லன்னா உன் பழைய ரூம் இருக்கவே இருக்கு." கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். பழைய ரூமில் மெழுகு உருகும் வாசனை இருக்கும், சுவரில் காலண்டர் கூட இருக்காது. இருக்கவே இருக்கு என்ற சொல்லை ராத்திரி முழுக்க அவள் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். வேலையை விட்டுப் போ என்று சொல்லியிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டாள்.

பத்து நிமிடம் ஆனதும் பின்பக்கத்து இழை ஒன்றில் களிம்பைச் சீப்பு நுனியால் வழித்துப் பார்த்தாள். செங்கல் நிறம். நல்லது. கறுப்பு முடி ஒரே தாவலில் வெளுக்காது, அது ஒவ்வொரு படியாகத்தான் இறங்கும், செங்கல், பிறகு ஆரஞ்சுத் தோல், பிறகு பப்பாளி, பிறகு வாழைப்பழத் தோலின் உள்பக்கம், அதோடு நிறுத்திக் கழுவிவிட வேண்டும். டை ஏறிய முடி கொஞ்சம் முரண்டு பிடிக்கும், பிடிக்கட்டும். களிம்பைத் திரும்பப் பூசிவிட்டு வலது காதோரம் பார்த்தாள், அங்கேயும் செங்கல். இடது பக்கம் நெற்றியை ஒட்டி விழும் இழையைப் பார்த்தபோதுதான் கை ஒரு கணம் நின்றது. செங்கல்தான், ஆனால் செங்கலில் பாசி படிந்த மாதிரி ஓரத்தில் ஏதோ பச்சை. வெளிச்சமாக இருக்கும் என்று தலையை நகர்த்திப் பார்த்தாள். டியூப் லைட் இப்படித்தான், மத்தியானத்தில் எல்லாவற்றிலும் கொஞ்சம் பச்சை காட்டும், போன வாரம்கூட ஒரு ஆரஞ்சுப் புடவையை இதே வெளிச்சத்தில் பார்த்துவிட்டு வாசலில் போய்ப் பார்த்தால் வேறு நிறம். வெளிச்சம்தான். களிம்பை மூடினாள். மூடும்போது கையுறை வழியாக விரலுக்கு ஏதோ வெதுவெதுப்பாகப் பட்டது. தோல் சூடு. தோலுக்கு அடியில் ரத்தம் ஓடுகிறதே, சூடு இருக்கத்தானே செய்யும். ஆனால் இந்த இழை தலையை ஒட்டி இல்லை, கன்னத்துக்கு வந்து தொங்குகிறது.

சூடாக இருக்கிறதா, இல்லை சூடாக இருக்கிறது என்று நினைக்கிறாளா. ஏசி காற்று வலது பக்கமிருந்து வருகிறது, அதனால் இடது பக்கம் கொஞ்சம் கூடுதலாகத் தெரியலாம். அவள் விரலே சூடாக இருக்கலாம், காலையிலிருந்து ரப்பருக்குள் வெந்துகொண்டிருக்கும் விரல். ஒரு கையுறையைக் கழற்றினாள். கழற்றக் கூடாது, கழற்றினாள். பிளாஸ்டிக் தாளின் மேலே விரல் வைத்து, முதலில் வலது பக்கம், குளிர்ச்சி. தன் காதுமடலைத் தொட்டுப் பார்த்தாள், அது ஒரு சூடு. பிறகு இடது பக்கம், இப்போதுதான் இறக்கிவைத்த டம்ளரின் வெளிப்பக்கம் மாதிரி. சுடவில்லை, ஆனால் குளிரவும் இல்லை. திரும்ப வலது, திரும்ப இடது. "என்னம்மா, காய்ச்சல் பாக்குற மாதிரி இருக்கு," என்றார் செண்பகவல்லி. "ஒண்ணுமில்ல மேடம், எவ்ளோ ஏறியிருக்குன்னு பாக்குறேன்." ஒன்றுமில்லை. பெங்களூரில் அந்தப் பெண்ணும் ஒன்றுமில்லை என்றுதான் சொன்னாள், வகுப்பில் இவளுக்கு இரண்டு நாற்காலி தள்ளி நின்றவள், தீட்டக் கொடுத்த தலையில் ஏற்கெனவே யாரோ எதையோ பூசியிருந்தார்கள், உலோகம் கலந்த ஏதோ ஒன்று, களிம்பு பட்டதும் அது கொதிக்க ஆரம்பித்துவிட்டது. கழுவும்போது தொட்டியில் ஒரு கை முடி அப்படியே வந்தது. நனைந்த தேங்காய் நார் மாதிரி. அந்தப் பெண் அதைத் திரும்ப ஒட்டிவிட முடியும் என்பதுபோலக் கையில் பிடித்துக்கொண்டே நின்றாள். இல்லை, அது வேறு, இங்கே சோதனை பண்ணிப் பார்த்தாயிற்றே. சனிக்கிழமை வரவழைத்து, ஒரு இழை வெட்டி, களிம்பில் போட்டு நாற்பது நிமிடம் பார்த்தாள், சுடவில்லை, நுரைக்கவில்லை, அழகாக வாழைத்தோல் நிறத்துக்கு வந்தது, அதை வெள்ளைத் தாளில் ஒட்டி ரூபா மேடத்திடம் காட்டினாள், அவர்கூடத் தலையசைத்தார். எங்கிருந்து வெட்டினாள்? பிடரியிலிருந்து. பிடரியிலிருந்துதானே வெட்டுவார்கள், மேல்முடியைத் தூக்கி, யார் கண்ணுக்கும் தெரியாத அடிமுடியில் ஒரு துளி. அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள், எல்லா ஊரிலும் அப்படித்தான். முன்னால் வெட்டினால் வந்தவர் முகம் சுளிப்பாரே. ஆனால் யாரும் பார்க்காத முடிக்கு யாரும் எதையும் பூசுவதில்லை. ஒரு பெண் கண்ணாடி முன் நின்று அவசரத்துக்கு எதையாவது தடவினால் எங்கே தடவுவாள், நெற்றியில், வகிட்டில், காதோரத்தில். பிடரியிலா தடவுவாள். பொய் சொல்லவே வாய்ப்பில்லாத முடியிடம் போய் உண்மையைக் கேட்டு வந்திருக்கிறாள்.

பதினாறாவது நிமிடம். செண்பகவல்லி தன் புது மாணவியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார், எதிரே பஸ் வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறாளாம். "மூடினா பஸ் போயிடுமான்னு கேட்டேன். இல்ல மேடம், மூடினா பயம் போயிடுதுங்கறா." தமயந்தி சிரித்தாள், சிரிப்பு வாயோடு நின்றது. இப்போது இடது பக்கத்தைக் கழுவிவிட்டால் அந்த இடம் செங்கலிலேயே நின்றுபோகும், பின்னால் எல்லாம் வாழைத்தோல், முன்னால் செங்கல், கண்ணாடியில் முதலில் தெரிவதே அதுதான். இந்த ஒரு தலை நல்லா வரட்டும். நல்லா வராது. கழுவாமல் விட்டால் ஒருவேளை ஒன்றும் ஆகாது. ஒருவேளை இவ்வளவுதான் சூடு, இதற்கு மேல் ஏறாமல், இன்னும் இருபத்திநாலு நிமிடத்தில் எல்லாம் ஒரே மாதிரி இறங்கிவரும், ரூபா மேடம் எழுந்து வந்து பார்ப்பார், யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்லை. ஒருவேளை. தொட்டுப் பார்த்தாள், கூடியிருக்கிறதா, கூடின மாதிரியும் இருக்கிறது. அதையும் இதையும் சொல்லாமல் பக்குவமாகக் கழுவிவிடலாமா, இந்தப் பக்கம் சீக்கிரம் ஏறிடுச்சு மேடம் என்று. அது பொய். பொய்கூடப் பரவாயில்லை, இதைவிடப் பெரிய பொய்யெல்லாம் அந்தப் பழைய அறையில் தினமும் சொல்லியிருக்கிறாள், வலிக்கவே வலிக்காது மேடம் என்று. ஆனால் பிடரியில் வெட்டினாள் என்பதை மறைத்தால் அடுத்த தலைக்கும் பிடரியில்தான் வெட்டுவாள், அது அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது, அவளை அவளுக்குத் தெரியாதா. பதினேழு. நாக்கு பல்லின் வடுவைப் போய்ப் போய்த் தடவியது. அந்த ஒரு நிமிடம் முழுக்க அவள் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. வெளியே ஒரு ஆட்டோ ஹார்ன் அடித்தது. கால்பலகையை அந்தப் பாதம் அமுக்கியது. வண்டி அவருடையது இல்லை, ஓட்டுவதும் அவர் இல்லை, ஆனாலும் அமுக்குகிறார்.

"அக்கா," என்றாள். வருகிறவர்களை மேடம் என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது ரூபா மேடத்தின் சட்டம், வாய் தவறிவிட்டது. "அக்கா, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். இந்தப் பக்கம் இப்பவே கழுவணும். எந்திரிங்க, வாங்க." செண்பகவல்லி பதறவில்லை, இருபத்திரண்டு வருடம் பிறர் பதற்றத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் பதறுவாரா, துணியைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நடந்துகொண்டே கேட்டார், "சூடா இருக்கே, அதுவா?" தமயந்தி நின்றுவிட்டாள். "உங்களுக்குத் தெரிஞ்சுதா?" "கன்னத்துல அனல் அடிச்ச மாதிரி இருந்துச்சு. இப்படித்தான் இருக்கும் போலன்னு இருந்தேன். நீங்க வேற தொட்டுத் தொட்டுப் பாத்தீங்க, சரி, தெரிஞ்சுதான் செய்றாங்கன்னு." இதைக் கேட்டதும் தமயந்திக்குக் கண் கரித்தது. இவர் சொல்லாமல் பொறுத்துக்கொண்டிருக்கிறார், அவள் சொல்லாமல் தொட்டுக்கொண்டிருக்கிறாள், இரண்டு பேருமாகச் சேர்ந்து மரியாதையாக ஒரு தலையைக் கருக்கியிருப்பார்கள். தொட்டியில் தலையைச் சாய்த்து, இடது பக்கத்து முடியை மட்டும் பிரித்துப் பிடித்து, குளிர்ந்த தண்ணீரைத் திருப்பினாள். "இந்தப் பக்கம் மட்டும் வேற ஏதாவது போடுவீங்களாக்கா? டை இல்லாம?" செண்பகவல்லி தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திச் சொன்னார். "கறுப்புப் பொடி. பொட்டலத்துல வருமே, தண்ணில கொழச்சுத் தடவுறது. கார்ல இந்தப் பக்கம்தான வெயிலு, இடது கை ஓரம், எப்பப் பாத்தாலும் இந்தப் பக்க டை மட்டும் சீக்கிரம் வெளுத்துடும். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை ஒரு கோடு இழுத்துருவேன். அதையும் மூணு மாசமாத் தொடல. அது டை இல்லையேன்னு சொல்லல." "அதுலதான் உலோகம் கலந்திருக்கும். நான் கேக்கவும் இல்ல," என்றாள் தமயந்தி. "போதாததுக்கு டெஸ்ட்டுக்குப் பின்னால வெட்டினேன். முன்னால வெட்டியிருக்கணும். முன்னால வெட்டியிருந்தா சனிக்கிழமையே தெரிஞ்சிருக்கும்." சொல்லி முடித்ததும் உடம்பு லேசானது. விளைவு இன்னும் தெரியாது, அதற்குள் லேசாகிவிட்டது, இந்த உடம்புக்கு அவசரம்.

தண்ணீர் முதலில் நீலமாக ஓடியது, பிறகு துருவாக, பிறகு வெறும் தண்ணீராக. வடிகட்டி மூடியை அவள் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும், பார்க்கவில்லை. முடி வந்திருந்தால் அங்கேதான் சுருண்டு கிடக்கும். விரல்களை இழைக்குள் விட்டு மெதுவாக நுனிவரை இழுத்தாள், விரலோடு எதுவும் வரவில்லை, இன்னொரு தடவை இழுத்தாள், இரண்டு முடி வந்தது, இரண்டு முடி யாருக்கும் வரும், தினமும் சீப்பில் வருவது. ஆனால் அது போதாது. செத்த முடி உடனே உதிராது, காய்ந்தபிறகு வீட்டில் போய் உதிரும். உயிர் இருக்கிறதா என்று பார்க்க ஒரே வழிதான், ஈர முடியில் ஒற்றை இழையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து நீட்ட வேண்டும், உயிருள்ள முடி நீண்டுவிட்டுத் திரும்பிச் சுருங்கும், செத்தது ஜவ்வு மிட்டாய் மாதிரி நீண்டுகொண்டே போய் அறுந்துவிடும். பிடித்தாள். இரண்டு கைக்கும் நடுவில் அந்த ஒற்றை முடி, இத்தனை வருடம் இதே அளவு நூலைத்தான் பல்லுக்கும் விரலுக்கும் நடுவில் பிடித்திருக்கிறாள், நூல் அறுந்தால் வேறு நூல். இழுத்தாள். நீண்டது. இன்னும் கொஞ்சம் நீண்டது. விடு என்று தனக்கே சொல்லிக்கொண்டு விட்டாள். ஒரு கணம் அது அப்படியே தொங்கியது, பிறகு மெல்ல, வேண்டா வெறுப்பாக, பழைய அளவுக்கு வந்து சேர்ந்தது. இன்னொரு முடி, அதுவும் திரும்பியது, இன்னொன்று, நாலாவது, ஐந்தாவது. ஏழு முடி பார்த்தாள். பிறகு தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல், அழுதாள். தலைமாட்டில் நின்று அழுததால் செண்பகவல்லிக்கு அவள் முகம் தலைகீழாகத்தான் தெரிந்திருக்கும். "போச்சா?" என்று கேட்டார். "இல்லக்கா. இருக்கு. எல்லாம் இருக்கு."

பன்னிரண்டே முக்காலுக்கு எல்லாவற்றையும் கழுவித் துடைத்து அதே நாற்காலியில் உட்கார வைத்தபோது ரூபா மேடம் போனை வைத்துவிட்டு வந்து பின்னால் நின்றார். பின்பக்கமும் வலது பக்கமும் அவள் நினைத்த மாதிரியே வந்திருந்தன, கறுப்பிலிருந்து தேனுக்கு எங்கே மாறியது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. அதைப் பார்த்து ரூபா மேடம் ம் என்றார். பிறகு இடது பக்கம் வந்தார். அங்கே ஒரு பட்டை, பழைய செப்புக்குடம் மாதிரி, தனியாக. "இது ஏன் இப்படி நிக்குது?" தமயந்தி சொன்னாள். பொடியைப் பற்றி முதலில் சொல்லவில்லை, பிடரியில் வெட்டியதை முதலில் சொன்னாள், அப்புறம் சூட்டை, அப்புறம் பதினாறிலிருந்து பதினேழு வரை சும்மா நின்றதை. அதையும் சொன்னாள். ரூபா மேடம் அந்தச் செம்பு இழையை எடுத்து, நனைத்து, நீட்டிப் பார்த்தார், விட்டார், திரும்பியது. "நானும் பின்னாலதான் வெட்டுவேன்," என்றார், இருபது வருடம் கத்தரி பிடித்தவர், யாரிடமோ சொல்வதுபோல. பிறகு செண்பகவல்லியிடம் திரும்பி, "இந்த இடம் மட்டும் இன்னொரு தடவை ஏத்த முடியுமான்னு பாக்கலாம், ஆனா சொல்ல முடியாது," என்றார். "சோதிச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க," என்றார் செண்பகவல்லி. தமயந்தி சிறிய கத்தரியை எடுத்தாள். இவ்வளவும் நடந்து, அழுது, சொல்லி முடித்த பிறகும் அவள் இடது கை பழக்க தோஷத்தில் பின்முடியைத் தூக்கப் பிடரிக்குப் போனது. செண்பகவல்லி போர்வைக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்து, முன்னால் கொண்டுவந்து, நெற்றிக்கு நேரே, இடது புருவத்துக்கு மேலே, வேரோடு சேர்ந்த இடத்தில் வைத்தார். "இங்க வெட்டுங்க."

"வெளிய தெரியும்க்கா." "தெரிஞ்சா தெரியட்டும். கேக்குறவங்களுக்குச் சொல்லிக்கிறேன்." வேரை ஒட்டி வெட்டினாள், ஊசி கனம்தான், ஆனால் நெற்றியில் ஒரு சிறு இடைவெளி விழுந்தது, யார் பார்த்தாலும் தெரியும். இழையைப் பீங்கான் தட்டில் நீளமாகக் கிடத்தி அதன்மேல் களிம்பைப் பூசினாள். மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். ஆறு நிமிடத்தில் நுனிப்பக்கம் பொடிப்பொடியாக நுரைக்க ஆரம்பித்தது, தமயந்தி விரல் வைத்தாள், சூடு, முன்பு தலையில் தொட்ட அதே சூடு, இனி அங்கே களிம்பு வைப்பதற்கில்லை. விரலை மெல்ல மேலே நகர்த்தினாள். நகர்த்திக்கொண்டே வந்து, வேர்ப்பக்கம் அந்த ஒன்றரை அங்குலத்துக்கு வந்ததும் நின்றாள். திரும்பக் கீழே போய்த் தொட்டுவிட்டு வந்தாள். அவளுக்குச் சந்தேகம் வரவில்லை, இந்தத் தடவை வரவில்லை. செண்பகவல்லியின் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தாள். "இங்க தொட்டுப் பாருங்க. குளுகுளுன்னு இருக்கா?" களிம்பை வழித்துக் காட்டினாள், வெள்ளை முடிகள் வெள்ளையாகவே இருக்க, அவற்றுக்கு நடுவில் கறுப்பாக இருந்தவை இளம் செங்கல்லுக்கு வந்திருந்தன, பச்சை இல்லை, நுரை இல்லை. "மூணு மாசத்துல வந்தது இது. இதுல ஒண்ணும் கலக்கல. அந்தச் செம்பை இப்பத் தொட வேண்டாம், டோனர்னு ஒரு லேசான பூச்சு போட்டு நிறத்த மட்டுப்படுத்தித் தர்றேன். இது வளர்ற வரைக்கும் பொறுத்துக்கிட்டீங்கன்னா, நுனி நுனியா வெட்டிக்கிட்டே வரலாம்." "எத்தன மாசம் ஆகும்?" "கன்னம் வரைக்கும் வர ஒரு வருஷம். மேலயே ஆகலாம்." செண்பகவல்லி தட்டிலிருந்து விரலை எடுத்துத் துணியில் துடைத்துக்கொண்டார். ரூபா மேடம் ஏற்கெனவே மேசைக்குப் போய் நோட்டைத் திறந்திருந்தார். "அடுத்த மாசம் நுனி வெட்டுறதுக்கு எழுதிடறேன் மேடம்," என்றார் அங்கிருந்து, "தமயந்தி சேர்லதானே?" செண்பகவல்லி நிமிர்ந்து, கண்ணாடியில், நெற்றியில் விழுந்த இடைவெளியைப் பார்த்தார், பிறகு அதற்குப் பின்னால் நின்றவளைப் பார்த்தார். "வேற யார்கிட்ட வருவேன், இவங்ககிட்டதான்," என்றார்.